கதவுக் கடையில் ஒரு காய் நறுக்கும் பலகை

“எத்தனை பீஸு?” என்று கேட்டார் பட்டறைக்காரர்.

“ஒண்ணு.”

“ஒண்ணுன்னா? ஆயிரமா?”

“ஒண்ணுன்னா ஒண்ணுதான் சார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோளில் லேப்டாப் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, மின்சார ரயிலில் நசுங்கி வந்த புடவை. கூடுவாஞ்சேரி தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், கார் கம்பெனிகளுக்கு இரும்புச் சாமான் கடைந்து தருகிற கொட்டகைகள் நிறைய உண்டு. அன்றைக்கு நான் ஏறி இறங்கியதில் அது எத்தனையாவது கொட்டகை என்று எனக்கே மறந்துவிட்டது. உள்ளே பீரோ உயரத்துக்கு மிஷின்கள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளையாக என்னவோ தண்ணீரைப் பீய்ச்சியபடி ஓடிக்கொண்டிருந்தன. நான் அவர் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தேன்.

“இன்னா மெட்டீரியலு?”

“பலா மரம்.”

அவ்வளவுதான். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே வேலையாக இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “இதுல மரத்தூள் பட்டா மிஷினு பூட்ச்சும்மா. ஆசாரி யார்னா கிட்ட போ,” என்றார். ஆனாலும் நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஆசாரியிடம் போகாமலா இருந்தேன்? எங்கள் தெருக்கோடி ஆசாரி என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வளைவெல்லாம் எதுக்கும்மா? நேரா ஒரு பலகை அறுத்து நாலு ஆணி அடிச்சுத் தரேன்” என்றார். நேரான பலகை யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது நான் வரைந்த பலகை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையும் மாலையும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், மற்றவர்கள் போனில் சீரியல் பார்ப்பார்கள், நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சாமான் வரைவேன். பெட்டி, மூடி, மசாலா டப்பா தாங்கி, செருப்பு அலமாரி. எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக, சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி. இப்படி வரைந்து வரைந்து கம்ப்யூட்டருக்குள் எனக்கு ஒரு வீடு நிறையச் சாமான் சேர்ந்துவிட்டது. கையால் தொட்டுப் பார்க்க ஒரு கரண்டிகூடக் கிடையாது. சி.என்.சி. மிஷின் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டிலேயே பிட்டு என்கிற சுழலும் குடைமுனையை ஓடவிட்டு மரத்தை அப்படியே குடைந்து கொடுத்துவிடும் என்று வீடியோக்களில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண். ரம்பம் பிடித்ததில்லை, உளி பிடித்ததில்லை. ஒரு ஆணியைக்கூட நான் நேராக அடித்ததில்லை.

எங்கள் வீட்டில் கைவேலை எல்லாம் என் கணவருடையது. அவர் கோவளத்துக்காரர். கடற்கரைக் குடும்பம், ஆனால் கடலுக்குப் போகாமல் பழைய மாமல்லபுரம் சாலையில் ஐடி கம்பெனி பஸ் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் நான் மீன் கழுவிய அழகைப் பார்த்துவிட்டு, “நீ நவுரு, நான் பாத்துக்கறேன்” என்று கத்தியை வாங்கினார். அதற்குப் பிறகு அடுப்படி அவருடையதுதான். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சங்கரா மீன் குழம்பு வைத்துவிட்டு மூடியைத் திறக்காமலே, “உப்பு சரியா கீது” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் சரியாகத்தான் இருக்கும்.

பக்கவாதம் வந்ததில் அவருடைய வலது பக்கம் போயிற்று. பேச்சு கொஞ்ச நாளில் மெதுவாகத் திரும்பிவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொண்டன. பயிற்சி கொடுக்க வருகிற பெண், “அந்தக் கையையும் மேஜை மேல எடுத்து வைங்க சார், எதையாவது புடிச்சுக்கச் சொல்லுங்க, சும்மா விடாதீங்க” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவே இல்லை. மடியில் ஒரு துண்டைப் போட்டுக் கையை அதற்கு அடியில் மறைத்துக்கொள்வார். யாராவது அதைப் பற்றிப் பேசினால், “அது என்னுது இல்ல” என்பார். தன் மீன் கத்தியை என் நாத்தனாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். என் சமையலைக் குறை சொல்லாத மனுஷர் என் கணவரே இல்லை. இவர் மறுபடியும் அடுப்படிக்குள் வராவிட்டால் அந்த நாற்காலியிலேயே முடிந்துபோவார் என்று பயந்தேன்.

ஒற்றைக் கையால் நறுக்குவதற்கென்று பலகை விற்கிறார்கள். ஆன்லைனில் ஒன்று வாங்கினோம். வெள்ளை பிளாஸ்டிக், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவர்களுக்குச் சரி. எங்கள் வீட்டு வாழைக்காயை வைத்து அழுத்தினால் மேஜை முழுக்க ஓடியது. அவர் அதை ஒருமுறை பார்த்தார், தள்ளிவிட்டார். அன்றைக்கே ரயிலில் உட்கார்ந்து நானாக ஒன்று வரைய ஆரம்பித்தேன்.

கனமான பலகை. வலது பாதியில் நிமிர்ந்து நிற்கும் ஸ்டீல் ஆணிகள், வெங்காயத்தை அதில் குத்தி வைத்தால் அசையாது. தூரத்து மூலையில், காயை முட்டி நிறுத்த ஒரு விளிம்பு. நறுக்கியதை ஒதுக்கிவிட ஒரு குழி. இடது ஓரத்தில், நல்ல கையால் பிடித்துத் தூக்குவதற்கு ஒரு துளை. அந்தத் துளையில்தான் என் கைவரிசையை எல்லாம் காட்டியிருந்தேன். நான்கு விரல்களுக்கும் தனித்தனி வளைவு, அளவு மாறாமல். அதற்காக அவருடைய இடது கையைச் செய்தித்தாள் மேல் வைக்கச் சொல்லி, பேனாவால் சுற்றி வரைந்தேன்.

“இன்னாமே, கைரேகை எடுக்கறியா? வூட்ட எழுதி வாங்கப் போறியா?” என்றார்.

“ஆமா, பெரிய ஜமீன். ஆடாம வைங்க.”

“இது எனக்கா, உன் மிஷின் ஆசைக்கா?”

“ரெண்டுக்கும்தான்,” என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரும்புக் கொட்டகைகள் கைவிட்ட பிறகு ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனேன். ஆய்வகத்தில் சின்னதாக ஒரு மிஷின் இருந்தது, அழகாக உறை போட்டு. அங்கே இருந்த ஆசிரியர் பொறுமையாகத்தான் பேசினார். “வெளி ஆளுங்களைத் தொட விட முடியாது மேடம். எங்க பசங்களுக்கே நாங்க ஓட்டித்தான் காட்டறோம்,” என்றார். உறையை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு மாமல்லபுரம். அங்கே சிலை செய்கிற கூடங்களில் கல் குடைகிற மிஷின் வந்திருக்கிறது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். தகரக் கூரைக்கு அடியில் ஏதோ ஹோட்டலுக்காக ஒரு புத்தர் தலை குடைபட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, தரையெல்லாம் வெள்ளைச் சேறு. அங்கே இருந்தவர் என் பலா மரத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“தண்ணி ஊத்திகினே ஓடற மிஷினுக்கா இது. உன் மரம் ஊறி உப்பிப் பூடும். திருக்கழுக்குன்றம் ரோட்ல ஒரு கதவுக் கடை கீது, மரத்துக்கு மிஷினு வச்சிகினு கீறாரு. அங்க கேளு.”

கதவுக் கடை! இத்தனை நாளும் நான் பஸ்ஸில் தாண்டித் தாண்டிப் போன கடை. வாசலில் சாய்த்து வைத்திருக்கிற கஜலட்சுமிக் கதவுகளைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் கையால் செதுக்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன்.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். உடம்பெல்லாம் மரத்தூள், காதில் பென்சில். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். லேப்டாப்பில் பலகையைச் சுற்றிக் காட்டினேன்.

“குடுத்துட்டுப் போங்கக்கா. எப்பனா சும்மா இருக்கும்போது போட்டு வைக்கறேன்.”

அங்கேயே என் வேலை முடிந்திருக்கும். ஆனால் வாய் சும்மா இருக்குமா? “இல்ல தம்பி, நான் ஓட்டணும்,” என்றேன்.

“இன்னா ஓட்டணும்?”

“மிஷினை.”

“நீங்களா?” அவர் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. “முன்ன ஓட்டிகீறீங்களா?”

“இல்ல.”

“மர வேலை எதுனா?”

“இல்ல. நீங்க மட்டும் பொறக்கும்போதே ஓட்டிக்கிட்டா பொறந்தீங்க?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரித்துவிட்டார். அவரும் ஆசாரி பரம்பரை இல்லையாம். அதே இடத்தில் பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருந்தவர். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று அடித்துக்கொண்டிருந்துவிட்டு, கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் இந்த மிஷினை வாங்கினாராம். “மொத மாசம் பூரா பிட்டு ஒடச்சதுதான் வேலை,” என்றார். கீழே விழுந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். “வேலை நாள்ல குடுக்க முடியாதுக்கா. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சிட்டு வந்து உக்காந்துகினு கீறாங்க. அமாவாசைக்கு வாங்க.”

எங்கள் பக்கத்தில் கொத்தனார், ஆசாரி எல்லோருக்கும் அமாவாசை லீவு. தலை போகிற வேலையாக இருந்தாலும் அன்றைக்கு உளி எடுக்க மாட்டார்கள். கதவு மாட்டுகிற ஆட்கள் யாரும் வர மாட்டார்கள், கடைக்காரர் மட்டும் வந்து மிஷினுக்குப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில் நான் மிஷினைத் தொட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“மரத்துல பிட்டு படக்கூடாது.”

“அப்புறம் எப்படித் தம்பி பழகறது?”

“காத்துல ஓட்டுங்க. மிஷினுக்கு லீவு கெடயாது, மரத்துக்குத்தான் லீவு.”

இப்படியாக நான் காற்றை அறுக்கக் கற்றுக்கொண்டேன். ஆபீஸில் அமாவாசைதோறும் லீவு கேட்டதில், இந்த அம்மாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது என்று பேச்சானது. நானும் மறுக்கவில்லை. விரதமா மேடம் என்று கேட்டவர்களிடம் பூசணிக்காய் உடைத்த கதையை விஸ்தாரமாகச் சொன்னேன்.

மிஷின் என்பது, இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒரு மேஜை. அதன் மேல் குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் தொங்குகிற மோட்டாரின் முனையில் பென்சில் மாதிரி பிட்டு. ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு அதை முன்னே பின்னே நகர்த்தலாம். எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நாம்தான் மிஷினுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஜீரோ வைப்பது. நான் மேஜையில் கிடக்கும் பலகைக்கு ஒரு ஜாண் மேலே, வெற்றிடத்தில் ஜீரோ வைத்து, ஸ்டார்ட் அழுத்துவேன். பிட்டு காற்றில் இறங்கி, வலது பக்கம் போய் ஆணிகளுக்கான துளைகளைப் போட்டு, மூலைக்கு ஏறி, குழியைச் சுற்றிச் சுற்றிக் குடைந்து, கடைசியில் இடது ஓரத்துக்கு வந்து நான்கு விரல்களையும் வளைத்து முடிக்கும். கீழே மரத்தில் ஒரு கீறல் இருக்காது. கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டே, “கை சேப்பு பட்டன் மேலயே இருக்கட்டும்க்கா” என்பார். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். முதல் அமாவாசையில் பாலத்தை எதிர்த்திசையில் ஓட்டிப் போய் ஓரத்தில் இடிக்கப் பார்த்தேன். அவர் வாயில் வடையோடு கத்திய கத்தலில் பொத்தானை அழுத்தினேன். அடுத்தடுத்த அமாவாசைகளில் அந்தப் பாதை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ரயிலில் நின்றுகொண்டு ஆள்காட்டி விரலால் போட்டுப் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் கேட்பார். “இன்னா செஞ்சிகினு வந்த?”

“அறுத்தேன்.”

“எங்க, காட்டு?”

வெறுங்கையை நீட்டுவேன்.

“காத்தா?” என்றார் ஒருநாள். “காத்த நறுக்கறதுக்கு எந்தக் கை இருந்தா இன்னா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் உள்ளே போய்ச் சாம்பார் கிண்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றைய சாம்பாரையும் அவர் குறை சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கடைக்காரரிடமிருந்து போன். “அக்கா, டபுள் டோரு ஒண்ணு ஓடுது. ஒரு கதவு முடிஞ்சிடுச்சு, அடுத்த பலகை ஒட்டிக் காஞ்சிகினு கீது. மதியம் வரைக்கும் மிஷின் சும்மா. மரத்த எடுத்துகினு வந்துடுங்க.”

ஆபீஸுக்குத் தலைவலி என்று சொன்னேன். பலா மரப் பலகையை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன், நல்ல மஞ்சள் நிறம், ஒரு முடிச்சு கிடையாது. அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லிப் பார்த்தார்.

கடைக்காரர் என் பென்டிரைவை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டு, மிஷினுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்தார். பலகையை மேஜையில் இறுக்கினோம். நான் வழக்கமாக நிற்கும் பக்கத்தில், அப்போதுதான் முடித்த கதவைச் சாய்த்து வைத்திருந்தார். ஒற்றை யானையோடு அது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். நானே ஜீரோ வைத்தேன், இந்த முறை மரத்தின் மேலேயே. பிள்ளையாரப்பா என்று ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

பிட்டு மரத்தில் இறங்கிய சத்தம் இருக்கிறதே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மஞ்சள் தூள் பறந்து மூக்கில் ஏறியது. முதல் முறையாக, நான் வரைந்த ஒன்று கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! பிட்டு என் வலது பக்கம் போயிற்று, ஆணித் துளைகளைப் போட்டது. இடது வலது எல்லாம் மனப்பாடமான அதே திசை. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறேனே, திசை மாறித்தானே தெரிய வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பொத்தான் மேல் கை இருந்தது. அழுத்தத்தான் தோன்றவில்லை.

முடிந்ததும் தூளை ஊதித் தள்ளிவிட்டுப் பலகையை எடுத்து எனக்கு நேராகப் பிடித்தேன். கைப்பிடி வலது பக்கம் இருந்தது. சுற்றித் திருப்பினேன். கைப்பிடி இடது பக்கம் வந்தது, ஆனால் மூலை விளிம்பு என் வயிற்றில் இடித்தது, ஆள்காட்டி விரல் வளைய வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் வளைவு இருந்தது. மறுபடியும் திருப்பினேன். எத்தனை முறை திருப்பினால் என்ன?

“தம்பி, இது கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கே.”

அவர் வந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. “போச்சு,” என்றார். “ஜோடி போட்டுட்டேன்க்கா.”

வாசல் கதவு என்றால் இரண்டு பக்கமும் இரண்டு. இடது கதவில் யானை வலது பக்கம் பார்த்தால், வலது கதவில் அதே யானை இடது பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கதவு ஓட்டி முடித்ததும் படத்தைப் புரட்டிப் போட்டுத்தான் அடுத்ததை ஓட்டுவார். வருஷக்கணக்காக அதே வேலை. காலையில் ஒரு கதவு முடித்திருந்தார், அடுத்து என் படத்தைத் திறந்தார், கை தானாகப் புரட்டிவிட்டது.

“இது கதவா தம்பி? இதுக்கு ஏது ஜோடி? எத்தனை மாசமா காத்துல பழகினேன்! ஒரே பலகை! பாத்துப் போட மாட்டீங்களா?” நான் கத்தியதில் பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு மெதுவாக, “நான் புரட்டினது தப்புதான்க்கா. ஆனா பக்கத்துலயே நின்னுகினு இருந்தீங்களே, பாக்கலியா?” என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் வேறு பலா பலகைக்குத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். “சைஸு, வெயிட்டு சரியா கீதான்னாவது வூட்ல பாருங்க” என்று அந்தத் தப்புப் பலகையையே தேய்த்து, ஓரமெல்லாம் மழுக்கி, ஆணிகளையும் பொருத்திக் கொடுத்தார். அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்த பஸ் பயணம் எனக்கு ஞாபகமே இல்லை. கோபம் அவர் மேலா என் மேலா என்று தெரியாத கோபம்.

வீட்டில் என் கணவர் சாப்பாட்டு மேஜையில், அதே நாற்காலியில், மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பலகையை மேஜையில் டங்கென்று வைத்தேன். நின்ற வாக்கில் எல்லாவற்றையும் கொட்டினேன். மிஷின், யானை, ஜோடி, என் முட்டாள்தனம் எல்லாம்.

“கதவுன்னு நெனச்சிட்டானா?” என்று கேட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

“சிரிங்க, நல்லா சிரிங்க. வலது கைக்காரனுக்குப் பலகை போட்டுக்கிட்டு வந்திருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, உடம்பெல்லாம் அரித்த மரத்தூளைக் கழுவக் குளியலறைக்குள் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன். பலகைக்காக அழவில்லை என்பது எனக்கே தெரியும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது துண்டு தரையில் கிடந்தது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பலகை மேல் வைத்திருந்தார். மடங்கி இறுகிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, கைப்பிடித் துளைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். சுண்டு விரல் அடம் பிடித்தது. அதை அதட்டுவதுபோல் ஏதோ முணுமுணுத்தார். அதுவும் தன் வளைவில் போய் உட்கார்ந்தது. கையை விட்டதும் விரல்கள் பழையபடி இறுகி, துளையின் விளிம்பைக் கவ்விக்கொண்டன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அளவெடுத்தது இடது கையை. புரட்டிப் போட்டால் இடது கை வலது கைதானே? அவருக்கு அது நான் குளிக்கப் போவதற்கு முன்பே புரிந்திருக்கிறது.

மேஜைக்கு அடியில் இருந்த கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து ஆணியில் குத்தினார். ஆணிகள் இப்போது இடது பக்கம், அவர் நல்ல கைக்கு நேராக இருந்தன. நான் யோசித்து யோசித்து வலது பக்கம் வைத்ததைவிட இதுவே வசதியாக இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். என் கத்தியை எடுத்து அழுத்தினார். பலகை அசையவில்லை. இன்னொரு வெட்டு. அசையவில்லை. வலது தோள் முன்னே சாய்ந்து அந்தக் கையின் மேல் பாரத்தைப் போட்டிருந்தது. துண்டங்கள் கண்டபடி விழுந்தன, ஒன்று தடி, ஒன்று மெலிசு. தூரத்து மூலை விளிம்பு எதற்கும் பயன்படவில்லை, இன்றுவரை பயன்படவில்லை.

நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன். பக்கத்தில் போனால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

“இன்னா பாத்துகினு நிக்கற?” என்றார், தலையைத் தூக்காமல். “உன் கத்தி ஒண்ணுத்துக்கும் ஆவாது. மொக்கையா கீது. நேத்து சாம்பார்ல உப்பும் இல்ல.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கதவுக் கடைக்காரர். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, பலா பலகை கெடச்சிடுச்சு. நாளைக்கே ஓட்டிடலாம் வாங்க. இந்த வாட்டி சத்தியமா புரட்ட மாட்டேன்.”

“வேணாம்னு சொல்லு,” என்றார் அவர்.

“ஏங்க? சரியா இன்னொண்ணு இருந்தா நல்லதுதானே?”

அவர் அடுத்த வெங்காயத்தை ஆணியில் குத்தினார். வலது கை நழுவாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அது ஒத்தக் கைக்காரனுக்கு வரைஞ்சது. எனக்கு ரெண்டு கை கீது.”